ஷாக் போகவில்லை

ஐந்தாறு வருடம் ஓடிய சொகுசு எஸ்யூவி ஒன்று, குழியில் இறங்கும்போது பழையபடி மிதக்காமல் முதுகில் குத்தத் தொடங்கினால், அதற்கு நம் ஒர்க்‌ஷாப்புகளில் ஒரே தீர்ப்புதான்: “ஷாக் போயிடுச்சு சார், நாலையும் மாத்திடணும்.” வண்டியில் இருப்பது சாதாரண ஷாக் அப்சார்பர் இல்லை, சாலைக்கு ஏற்பத் தானே இறுகித் தளரும் அடாப்டிவ் வகை என்றால் தீர்ப்பின் உறுதி இன்னும் கூடுகிறது. எலக்ட்ரானிக் சமாச்சாரம், விலை அதிகம், எனவே அதுதான் முதலில் கெட்டிருக்கும் என்கிறார்கள். ஸ்கேனரை மாட்டிப் பார்ப்பார்கள். எரர் கோட் வந்தால் ஷாக் கெட்டது உறுதி. வராவிட்டால், எலக்ட்ரானிக்ஸ் நன்றாக இருக்கிறது, ஆகவே ஷாக்கின் உள்பாகம்தான் போயிருக்கிறது; அப்போதும் அதே முடிவு. எந்த விடை வந்தாலும் ஒரே தீர்ப்பைத் தரும் சோதனையைச் சோதனை என்று எப்படிச் சொல்வது? தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் காட்டும் அறிகுறிகளில் விறைப்பு மிக அரிது. சந்தேகப் பட்டியலில் கடைசியில் இருக்க வேண்டியதை நாம் முதலில் கழற்றுகிறோம்.

ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைச் சுமப்பதில்லை. சுமப்பது ஸ்பிரிங், அது இரும்புச் சுருளாகவோ, முறுக்கத்தால் தாங்கும் கம்பியான டார்ஷன் பாராகவோ, காற்று அடைத்த ரப்பர் பையாகவோ இருக்கலாம். ஒருமுறை அமுங்கி எழுந்த ஸ்பிரிங் மேலும் மேலும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது மட்டும்தான் ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கியடித்துப் போகிறது, அசைவின் ஆற்றல் வெப்பமாகிறது. வயதாகும்போது இதற்கு என்னென்ன நேரும்? சீல் தேய்ந்து எண்ணெய் கசியும். பிஸ்டன் வளையம் தேய்ந்து எண்ணெய் ஓரமாக நழுவும். வால்வுத் தகடுகள் தளரும். வாயு அழுத்தம் இறங்கி எண்ணெயில் நுரை தட்டும். இவை அத்தனையும் தடையைக் குறைப்பவை. எண்ணெய் வற்றிய டோர் குளோசர் கதவை இறுகப் பிடிக்காது, படாரென்று விட்டுவிடும், ஷாக்கும் அப்படித்தான். வேகத்தடை தாண்டிய வண்டி இரண்டு மூன்று முறை எழுந்து அமரும், பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும், மேம்பால இணைப்புகளில் பின்பக்கம் துள்ளும். ஆட்டத்தை அடக்காத ஷாக் பெரிய பள்ளத்தில் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்புக் கட்டை வரை போய் இடித்து ‘டம்’ என்று சத்தம் போடும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த இடி பெரிய பள்ளத்தில் மட்டும் வரும், அதை அடுத்து ஆட்டமும் வரும். தார்ச்சாலையின் சின்னச் சின்ன ஒட்டுகள் கூட ஒவ்வொன்றாக இருக்கையில் தெரியும் விறைப்பு வேறு வகை. இரண்டையும் ஒரே சொல்லால் ‘ரைடு சரியில்லை’ என்று எழுதிக்கொள்ளும் ஜாப் கார்டிலேயே தவறு தொடங்கிவிடுகிறது.

இதற்கு அடாப்டிவ் ஷாக்கைக் குற்றம் சொல்பவர்களிடம் ஒரு வலுவான பதில் உண்டு. சோலனாய்டு வால்வு வைத்த அமைப்புகள் பலவற்றில் மின்சாரம் நின்றுபோனால் வால்வு இறுகிய நிலைக்கே போய் நிற்கும்; உயரமான, கனமான வண்டி வேகத்தில் தள்ளாடக் கூடாது என்ற பாதுகாப்புக் கணக்கு அது. ஆகவே எலக்ட்ரானிக் ஷாக் கெட்டால் வண்டி விறைக்கத்தானே செய்யும் என்று கேட்கிறார்கள். விறைக்கும்தான். ஆனால் அந்த நிலையில் கெட்டது பெரும்பாலும் ஷாக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் வழி: அறுந்த ஒயர், தண்ணீர் புகுந்து பச்சை பூத்த கனெக்டர், பியூஸ், அல்லது கட்டுப்பாட்டு யூனிட். அதோடு, ஒரு சர்க்யூட் அறுந்தால் யூனிட் அதை உடனே கண்டுகொண்டு கோட் பதியும், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் ஏற்றும். விளக்கே எரியாத வண்டிக்கு இந்த வாதம் பொருந்தாது. எல்லா அடாப்டிவ் அமைப்பும் கெட்டால் விறைக்கும் என்பதும் தவறு. 2002-இல் காடிலாக் செவில் எஸ்டிஎஸ்-இல் அறிமுகமாகி, பிறகு ரேஞ்ச் ரோவர் இவோக் வரை வந்த மேக்னரைடு அமைப்பில் வால்வே கிடையாது. இரும்புத் துகள் கலந்த எண்ணெய் காந்தப் புலத்தில் கெட்டிப்படுகிறது. மின்சாரம் நின்றால் அது வெறும் எண்ணெய்தான், ஷாக் தளர்ந்துவிடும். ஆக, ‘எலக்ட்ரானிக் ஷாக் கெட்டால் இப்படித்தான் இருக்கும்’ என்று பேசுகிறவர், முதலில் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

விறைப்பின் ஊற்று ஷாக்கில் இல்லை, ஸ்பிரிங்கில் இருக்கிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று, 1998 முதல் 2007 வரை வந்த லெக்ஸஸ் எல்எக்ஸ் 470. அதன் உடன்பிறப்பான லேண்ட் குரூஸர் 100-இன் உயர்தர மாடல்கள் சிலவற்றிலும் இதே அமைப்பு இருந்தது. ஷாக் இருக்க வேண்டிய இடத்தில் இந்த வண்டியில் எண்ணெய் நிரம்பிய உருளை ஒன்று இருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த எண்ணெய் குழாய் வழியே போய், சேஸிஸில் பொருத்திய ஒரு கோளத்துக்குள் நுழைந்து வரும். கோளத்தின் நடுவே ஒரு சவ்வு. அதற்கு அந்தப் பக்கம் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன். எண்ணெய் போய்வரும் பாதையில் உள்ள வால்வுதான் இறுக்கத்தை நொடிக்கு நொடி மாற்றுவது. வண்டியின் எடையில் ஒரு பங்கை முன்னால் டார்ஷன் பாரும் பின்னால் காயில் ஸ்பிரிங்கும் சுமக்கின்றன. மீதியைச் சுமப்பது இந்த எண்ணெயும் அதன் பின்னால் நிற்கும் வாயுவும். இந்த வண்டிகள் பத்துப் பதினைந்து வயதில் கட்டையாகிப் போவது ஊரறிந்த விஷயம். அப்போது கேட்கும் தீர்ப்பு இரண்டே: ஷாக்கை மாற்று, அல்லது அமைப்பையே பிடுங்கி எறிந்துவிட்டுச் சாதாரண ஸ்பிரிங்கும் ஷாக்கும் போடு.

உண்மையில் நடந்திருப்பது இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும். முதலாவது, சவ்வின் வழியே நைட்ரஜன் பல ஆண்டுகளாக மெல்ல மெல்லக் கசிந்து தீர்ந்திருக்கும். வாயு போன கோளத்தில் எண்ணெய் நிரம்பிவிடும். எண்ணெய் அமுங்காது, ஆகவே சக்கரத்துக்கு மேலே அமுங்க எதுவுமே மிச்சமில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர் கூட வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு, வண்டியைத் தாழ்ந்த உயரத்தில் நிறுத்தி பானட்டுக்குள் இருக்கும் எண்ணெய்த் தொட்டியின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பிறகு உச்ச உயரத்துக்கு ஏற்றி மறுபடி பார்க்க வேண்டும். நல்ல கோளங்கள் என்றால், வண்டி தாழும்போது உள்ளிருக்கும் வாயு விரிந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும், எனவே மட்டங்களுக்கிடையே வித்தியாசம் பெரிதாக இருக்கும். புதிய கோளங்களில் அது தொட்டியின் மேல் உள்ள கோடுகளில் 14 அளவுக்கு வரும். 7-க்குக் கீழே வந்தால் கோளங்களின் காலம் முடிந்தது. ஷாக்கைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியமானது. டார்ஷன் பார் வயதாகித் தளரும். அது சுமந்துவந்த எடையில் ஒரு பகுதி எண்ணெயின் தலையில் விழும். அமைப்பு தன் உயரத்தைக் காப்பாற்ற அழுத்தத்தைக் கூட்டும். உரிமையாளர் முன்னால் இரும்பு பம்பரும் மேலே ரூஃப் ரேக்கும் மாட்டினாலும் விளைவு இதேதான். அழுத்தம் கூடும்போது கோளத்துக்குள் உள்ள அதே அளவு வாயு சுருங்குகிறது. வாயு ஸ்பிரிங்கின் விறைப்பு அழுத்தத்துக்கு நேர்விகிதத்திலும் கன அளவுக்கு எதிர்விகிதத்திலும் அமையும். இங்கே ஒன்று கூட மற்றது குறைவதால், விறைப்பு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது. முன்பக்கத்துக்கு விதித்த அளவு சுமார் 6.9 மெகாபாஸ்கல். அது 20 சதவீதம் ஏறி 8.3 ஆனால் வாயுவின் விறைப்பு 44 சதவீதம் ஏறிவிடும். டார்ஷன் பாரின் விறைப்பு மாறாததால் சக்கரத்தில் உணரும் மொத்தம் இதைவிடக் குறைவுதான், ஆனாலும் இருக்கையில் தெரியும் அளவுக்கு ஏற்றம் உண்டு. இதற்கு மருந்து டார்ஷன் பாரின் நங்கூர போல்ட்டைச் சில சுற்று இறுக்குவது. எடை மறுபடி இரும்புக்குப் போகும், எண்ணெய் அழுத்தம் இறங்கும், வண்டி மென்மையாகும். ஒரு ஸ்பிரிங்கை இறுக்கினால் வண்டி மென்மையாகும் என்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம். ‘விறைப்பு என்றால் ஷாக்’ என்று பழகிய மூளைக்கு இது தோன்றவே தோன்றாது. தோன்றாததால்தான் நல்ல அமைப்புகள் இத்தனை பிடுங்கி எறியப்பட்டன.

லெக்ஸஸின் தனிக் கதை இது என்று ஒதுக்கவும் முடியாது. 1954-இல் டிராக்ஸியோன் அவான் காரின் பின்பக்கத்திலும் 1955-இல் டிஎஸ் காரின் நான்கு சக்கரங்களிலும் சிட்ரோயன் இதே எண்ணெய்-நைட்ரஜன் கோளங்களைக் கொண்டுவந்தது. பால் மாஜஸ் வடிவமைத்த அந்த அமைப்பு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. விறைத்துப்போன சிட்ரோயனைப் பார்த்த பிரெஞ்சு மெக்கானிக் கோளத்தைக் கழற்றி வாயு ஏற்றினார், அல்லது புதுக் கோளம் மாட்டினார். அது அங்கே டயர் மாற்றுவது மாதிரியான வழக்கமான பராமரிப்பு. ஆசியாவின் பெரிய எஸ்யூவிகளுக்கு அந்த எந்திரம் வந்து சேர்ந்தது; அந்தப் பழக்கம் கூடவே வரவில்லை.

இன்றைய சொகுசு எஸ்யூவிகளில் அதிகம் இருப்பது காற்று ஸ்பிரிங். அங்கே முதல் கேள்வி உயரம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு உயர சென்சார் உண்டு, சிறு இணைப்புக் கம்பியால் சஸ்பென்ஷன் ஆர்முடன் கட்டப்பட்டது. அந்தக் கம்பி வளைந்திருந்தாலோ, பாகம் மாற்றிய பிறகு உயரத்தை அளந்து பதிவு செய்யாமல் விட்டிருந்தாலோ, வண்டி 20, 30 மி.மீ. தாழ்ந்து நின்றுகொண்டே தான் சரியான உயரத்தில் இருப்பதாக நம்பும். கோட் வராது, ஏனென்றால் சென்சார் சொல்லும் எண் அதன் வரம்புக்குள்தான் இருக்கிறது. தாழ்ந்த வண்டி பம்ப் ஸ்டாப்புக்கு அருகில் போய்விடுகிறது. அந்தப் பாலியூரித்தேன் கட்டை அமுங்க அமுங்கச் செங்குத்தாக விறைப்பது; சிறு பள்ளத்திலேயே அது தொடப்பட்டால் ஷாக் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் பயனில்லை. உயரம் கூடிப்போனாலும் தொல்லைதான்: சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் ஷாக் தன் நீளத்தின் எல்லையில் தட்டும். தரையிலிருந்து வீல் ஆர்ச் வரை, அதைவிடத் துல்லியமாக ஹப்பின் நடுவிலிருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரை, ஒரு டேப்பால் நான்கு மூலையையும் அளந்து நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடுவதற்கு எவ்வளவு நேரமாகும்? ஸ்கேனர் திரையில் வரும் உயரம் அந்தச் சென்சாரின் வாக்குமூலம் மட்டுமே. சந்தேகம் சென்சார் மீது இருக்கும்போது அதையே சாட்சியாக வைத்துக்கொள்ள முடியாது.

அதற்கும் முன்னால், ஒர்க்‌ஷாப்பில் யாருமே மதிக்காத ஒன்று: டயர். ஷாக்குக்கு முன் சாலையைத் தொடுவது அதுதான். சிறு, கூர்மையான மேடுகளை விழுங்க வேண்டியது முதலில் அதன் பக்கச் சுவர். 2012-இல் வந்த ரேஞ்ச் ரோவருக்கு 19 அங்குல வீலில் 235/65 டயர், அதாவது பக்கச் சுவர் சுமார் 153 மி.மீ. அதே வண்டிக்கு 22 அங்குல வீலில் 275/40. பக்கச் சுவர் 110 மி.மீ. ஷாக் அதே, காற்று ஸ்பிரிங் அதே, மென்பொருளும் அதே குடும்பம். ரப்பரில் மட்டும் நாலில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விடுகிறது, வீலின் எடையும் ஏறுகிறது. பழைய டயர் தேய்ந்ததும் ‘லுக்’குக்காக ஒரு அங்குலம் ஏற்றியவர், அடுத்த மாதம் ஷாக் கெட்டுவிட்டது என்று வந்து நிற்பார். 2006-இன் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பஞ்சரானாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் டயரோடு வந்தது. காற்றில்லாமலே வண்டியைத் தாங்க வேண்டிய பக்கச் சுவர் காற்று இருக்கும்போது வளைந்துகொடுக்குமா என்ன? சென்னைக்குப் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பொருத்தப்படும் அதன் வாரிசுகளிலும் டயர் எந்த வகை என்று கேட்காமல் விறைப்பைப் பற்றிப் பேச முடியாது. இனி காற்று. கதவோரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் இரண்டு பேருக்கு ஒரு அளவும், ஆளும் சுமையும் நிறைந்தால் வேறு அளவும் போட்டிருப்பார்கள். பெட்ரோல் பங்கில் ‘பெரிய வண்டி’ என்று முழுச்சுமை அளவையே அடித்துவிடுகிறார்கள். காலையில் அடித்த காற்று, டயர் 30 டிகிரி சூடேறினால் 5 பிஎஸ்ஐ வரை மேலே போகும். டயரின் விறைப்பு ஏறக்குறைய அழுத்தத்தோடு சேர்ந்தே ஏறும். டயர் பிரஷர் விளக்கு பெரும்பாலும் காற்று குறைந்தால்தான் எரியும். கூடினால் வாயைத் திறக்காது.

நம் சாலைகளின் பங்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தியச் சாலை காங்கிரஸ் விதித்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வட்டமான மேடு. அதில் வண்டி மெதுவாக ஏறி இறங்கும், அந்த அசைவு ஷாக்கின் ஆட்சிக்குள் வரும். தெருமுனைகளில் நாமே போட்டுக்கொள்ளும் குட்டையான கான்கிரீட் முகடுகள் வேறு ஜாதி. அவற்றின் அடி நொடிக்கும் குறைந்த நேரத்தில் வந்து போகிறது. அதை விழுங்க வேண்டியது டயரும் ரப்பர் புஷ்களும்தான். கம்ஃபர்ட் மோடில் போட்டாலும் அந்தத் தெருவில் வித்தியாசம் தெரியவில்லை என்று புகார் சொல்வது, கம்ஃபர்ட் மோடு ஆளாத இடத்தில் அதைத் தேடுவது.

ஸ்கேனருக்கு வருவோம். கோட் என்பது மின்சார அறிக்கை: ஒயர் அறுந்ததா, ஷார்ட் ஆனதா, எண் வரம்பு தாண்டியதா என்பதை அது சொல்லும். கோளத்தில் வாயு இல்லை என்றோ, டயரில் காற்று அதிகம் என்றோ, லோயர் ஆர்ம் புஷ்ஷை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டார்கள் என்றோ அதற்குத் தெரியாது. கடைசியில் சொன்னது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. புஷ்ஷின் ரப்பர் இரும்போடு ஒட்டப்பட்டது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே அந்த ரப்பர் முறுக்கேறி நிற்கும், ஒவ்வொரு அசைவையும் எதிர்க்கும் கூடுதல் ஸ்பிரிங்காக. பிறகு சீக்கிரமே கிழியும். ஸ்கேனரின் பயன் கோடில் இல்லை, ஓடும்போது அது காட்டும் எண்களில் இருக்கிறது: ஒவ்வொரு ஷாக்குக்கும் எவ்வளவு மின்னோட்டம் போகிறது, மோடு மாற்றினால் அது மாறுகிறதா, நான்கு மூலையும் ஒத்துப்போகிறதா. 1974-இல் கார்னாப், கிராஸ்பி, ஹார்வுட் மூவரும் எழுதிய ஸ்கைஹுக் கோட்பாடு இன்றும் இந்த அமைப்புகளின் அடித்தளம். வண்டியுடலும் சக்கரமும் எந்த வேகத்தில் எந்தத் திசையில் போகின்றன என்று தெரிந்தால்தான் அது வேலை செய்யும். ஒரு ஆக்ஸிலரோமீட்டர் தளர்ந்து தொங்கினால், கணினி நல்ல ஷாக்கைத் தவறான நேரத்தில் இறுக்கச் சொல்லும், ஷாக்கும் கீழ்ப்படியும்.

“தத்துவம் இருக்கட்டும், ஷாக் மாற்றினேன், சரியாகிவிட்டதே” என்பது அடுத்த மறுப்பு. ஆகியிருக்கும். ஆனால் நான்கு ஷாக்கை மாற்றும்போது வேறு என்னென்ன மாறின? மேல் மவுண்ட் புதிது, பம்ப் ஸ்டாப் புதிது, கீழ் புஷ் தளர்த்தி மறுபடி இறுக்கப்பட்டது, உயரம் புதிதாகப் பதிவு செய்யப்பட்டது, அலைன்மென்டில் டயர் காற்றும் சரிபார்க்கப்பட்டது. இத்தனை மருந்தை ஒன்றாகக் கொடுத்துவிட்டு விலை கூடிய ஒன்றுக்கு மட்டும் பெயர் வாங்கித் தருகிறோம். காயிலுக்கு மாற்றிவிட்டால் நிம்மதி என்பவர்களின் கணக்கிலும் ஓட்டை உண்டு. இரும்புச் சுருளின் விறைப்பு ஒன்றுதான். ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினாலும் தொங்கிவிடாத அளவுக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியானால் தனியாக ஓட்டிப்போகும் நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், அது தேவைக்கு மேல் விறைப்பாகத்தான் இருக்கும். விறைப்புக்கு மருந்தாக வாங்கியது விறைப்பையே நிரந்தரமாக்குகிறது.

ஷாக் விறைத்துப் போவதே இல்லையா? போகும். தண்டு வளைந்தால் சிக்கும், வால்வில் குப்பை மாட்டினால் எண்ணெய் நகராது. ஆனால் இது பெரும்பாலும் ஒரு மூலையில், பெரும்பாலும் ஒரு மோதலுக்குப் பிறகு நடப்பது. நான்கும் ஒரே பருவத்தில் ஒரே மாதிரி விறைத்தால் பொதுவான ஒன்றைத்தான் தேட வேண்டும். சந்தேகமிருந்தால் மேடுபள்ளமான சாலையில் ஓட்டிவிட்டு நான்கு ஷாக்கின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கலாம். வேலை செய்யாத ஷாக் மற்றவற்றைவிடக் குளிர்ந்திருக்கும், ஏனென்றால் அது ஆற்றலை வெப்பமாக்கவில்லை. சில வண்டிகள் பிறப்பிலேயே விறைப்பானவை என்பதையும் மறுக்க முடியாது: உயரமான உடல் வளைவில் சாயாமலிருக்கத் தடித்த ஆன்டி-ரோல் பார் போட்டிருப்பார்கள், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் அந்தக் கம்பி மறுபக்கத்தையும் இழுத்துத் தலையை ஆட்டும். போர்ஷ, லேண்ட் ரோவர் போன்றவர்கள் அந்தக் கம்பியையே நேர்ச்சாலையில் தளர்த்தும் ஏற்பாடுகளுக்குச் செலவழித்தது இதனால்தான். பிறப்பிலேயே விறைப்பான வண்டியிலும் ஷாக் மாற்றுவதால் கிடைப்பது ஒன்றுமில்லை.

நேரமில்லை, வாடிக்கையாளர் சோதனைக்குக் காசு தரமாட்டார் என்று ஒர்க்‌ஷாப் சொல்வது மட்டும்தான் இதில் உண்மையான மறுப்பு; அது பொறியியல் மறுப்பு இல்லை, வணிக மறுப்பு. பாகத்தில் லாபம் உண்டு, டேப்பைப் பிடித்து அளப்பதில் இல்லை. ஆகவே மாற வேண்டியது உரிமையாளர் கேட்கும் கேள்வி: குளிர்ந்த நிலையில் டயர் காற்று எவ்வளவு, நான்கு மூலையின் உயரம் எவ்வளவு, ஷாக்குக்குப் போகும் மின்னோட்டம் எவ்வளவு, கோளமோ காற்றுப் பையோ இருந்தால் அதன் அழுத்தம் எவ்வளவு. இந்த எண்கள் ஜாப் கார்டில் ஏறாதவரை நான்கு ஷாக்குக்கான எஸ்டிமேட்டில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.